டெட்டைக் கடினமாக்கினால் அரசுப் பள்ளி நன்றாகிவிடுமா?

அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று ஆண்டுக்கு ஆண்டு செய்தி வருகிறது, டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வை இன்னும் கடினமாக்கி, தேறாத ஆசிரியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் எல்லாம் சரியாகிவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. ஏன் ஆகாது என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் இடம் வேண்டும். இதில் நானும் ஒரு பங்காளி. சில ஆண்டுகள் பள்ளியிலும் அப்புறம் வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராகவும் இருந்தவன், பயிற்சி என்ற பெயரில் நான் நடத்திய சில வகுப்புகளை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

பயிற்றுநரான புதிதில் ஓர் ஈராசிரியர் பள்ளிக்குப் பார்வைக்குப் போயிருந்தேன். மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை, பாடப்புத்தகத்தைத் திறந்து விரலை வைத்துக்கொண்டு கடகடவென்று ஒரு பக்கம் படித்தாள். எனக்கு மகிழ்ச்சி. அடுத்த வரிக்குத் தாவி, நடுவில் இருந்த ஒரு சொல்லைத் தொட்டு "இது என்ன?" என்றேன். விழித்தாள். பக்கம் முழுவதும் மனப்பாடம், விரல் சும்மா ஊர்ந்துகொண்டிருந்தது. அந்த ஆசிரியை இளையவர், தகுதித் தேர்வில் நூறுக்கு மேல் மதிப்பெண் வாங்கித் தேறியவர், பிள்ளைகள் மேல் உண்மையான அக்கறை உள்ளவர். தனியாக என்னிடம் வந்து, "சார், இவளுக்கு எழுத்து எல்லாம் தெரியும், அ-விலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லுவாள், ஆனால் படிக்க மட்டும் வரவில்லை, என்ன செய்யலாம்?" என்று கேட்டார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அன்று எனக்கும் தெரியாது. "தினமும் பத்து சொல் எழுதச் சொல்லுங்கள்" என்று எதையோ உளறிவிட்டு, பார்வைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

இப்போது அதே கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். தமிழில் 247 எழுத்து என்று வாய்ப்பாடு போல ஒப்பிக்கிற பிள்ளைக்கு எழுத்து தெரியும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வரிசையாகச் சொல்லும்போது வருகிற எழுத்து, வரிசை கலைந்தால் வராது. அப்புறம் இந்தக் கொம்பும் காலும். 'கொ' என்று எழுதினால் குழந்தையின் கண்ணில் முதலில் படுவது ஒற்றைக் கொம்பு, பிறகு க, பிறகு கால். இடமிருந்து வலமாக வாசிக்கப் பழகிய பிள்ளை 'கெ' என்று தொடங்கி 'கா' என்று முடித்துக் குழம்பி நிற்கும். மூன்று துண்டையும் சேர்த்து ஒரே ஒலியாகப் பார்க்க யாராவது கற்றுத்தர வேண்டும். 'கௌ' இன்னும் மோசம், அதில் வருவது தனி 'ள' இல்லை என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? ஆகவே வாசிக்க வராத பத்துப் பிள்ளைகளுக்குப் பத்து விதமான காரணம் இருக்கலாம்: ஒருத்தனுக்குக் குறில் நெடில் ஒலி வேறுபாடு காதில் விழவில்லை, ஒருத்திக்குக் கொம்பு, இன்னொருவனுக்கு மெய்யெழுத்தின் புள்ளி. எது யாருக்கு என்று கண்டுபிடிப்பதுதான் ஆசிரியரின் தொழில் அறிவு.

கணக்கிலும் இதே கதை. 52-இல் 27 போனால் எவ்வளவு என்று கேட்டால் 35 என்று எழுதும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டுவிட்டு, "கடன் வாங்க மறந்துட்டே" என்று நகர்ந்துவிடுவோம். பிள்ளை எதையும் மறக்கவில்லை. 2-லிருந்து 7 போகாது, அதனால் 7-லிருந்து 2-ஐக் கழித்துவிட்டது, தன்னளவில் ஒரு விதியைச் சரியாகப் பின்பற்றியிருக்கிறது. அந்தத் தவறான விதி இன்னதென்று ஆசிரியருக்குப் புரிந்தால் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிக் கட்டை எடுத்து ஒரு கட்டைப் பிரித்துக் காட்டுவார், அரை மணியில் விஷயம் முடியும். புரியாவிட்டால் இருபது கணக்கு வீட்டுப்பாடம் கொடுப்பார், பிள்ளை இருபதையும் அதே விதிப்படி தவறாகப் போட்டுக்கொண்டு வரும்.

லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1986-இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார். பாடம் தெரிந்திருப்பது ஒன்று, பொதுவாகக் கற்பிக்கும் முறைகள் தெரிந்திருப்பது இன்னொன்று, இந்தப் பாடத்தை இந்த வயதுப் பிள்ளை எங்கே தப்பாகப் புரிந்துகொள்ளும் என்று தெரிந்திருப்பது இரண்டிலும் சேராத மூன்றாவது அறிவு என்றார். நம் ஊரில் ஆசிரியர் பற்றி நடக்கிற சண்டை முழுவதும் முதல் இரண்டைப் பற்றித்தான். மூன்றாவதை யாரும் கற்றுத்தருவதும் இல்லை, சோதிப்பதும் இல்லை.

சரி, தகுதித் தேர்வுக்கு வருகிறேன். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது, அந்த ஆகஸ்டில் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கியது. ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கான முதல் தாளில் 150 கேள்வி: குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறையும், தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் என்று தலைக்கு முப்பது. எல்லாமே நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. பியாஜே என்ற உளவியலாளர் சொன்ன குழந்தை வளர்ச்சிப் படிநிலைகளில் மூன்றாவது எது என்பதற்குச் சரியான வட்டத்தைக் கருப்பாக்கலாம். மேலே சொன்ன பெண் குழந்தையின் முன்னால் உட்கார வைத்தால் அந்த வட்டம் எதற்கும் உதவாது.

2012 ஜூலையில் தமிழ்நாட்டில் முதல் தடவை நடத்தியபோது ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதி, ஒரு சதவீதம் பேர்கூடத் தேறவில்லை. நேரம் போதவில்லை என்று புகார், அந்த அக்டோபரிலேயே மறுதேர்வு. அதாவது கடினமான தேர்வு என்ற உங்கள் யோசனை ஏற்கனவே ஒருமுறை நடந்து முடிந்துவிட்டது. அதில் தெரிந்தது ஒன்றுதான், நம் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் பட்டயமும் பட்டமும் கொடுத்து அனுப்பிய லட்சக்கணக்கானவர்களை அரசே நடத்திய ஒரு தேர்வு தகுதியில்லை என்று சொன்னது. நியாயமாகப் பார்த்தால் அடுத்த நாளே அந்த நிறுவனங்களின் கதவைத் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை, தேர்வின் நேரத்தைக் கூட்டினோம்.

அதன்பின் நடந்ததைப் பார்த்தால் ஆசிரியராக விரும்பும் எந்தப் பிள்ளைக்கும் வெறுத்துப்போகும். ஆண்டுக்கு ஒருமுறையாவது நடத்த வேண்டும் என்பது குழுமத்தின் வழிகாட்டுதல். இங்கே 2012, 2013, அப்புறம் 2017, 2019, 2022, அப்புறம் 2025 நவம்பர். 2013-இல் தேறியவர்களுக்கு வெயிட்டேஜ் என்று ஒரு கணக்கு வந்தது, பிளஸ் டூ மதிப்பெண் வரைக்கும் தோண்டியெடுத்துச் சேர்த்தார்கள், இதனால் பல ஆண்டுகளுக்கு முன் பிளஸ் டூ முடித்தவர்கள், அந்தக் காலத்தில் மதிப்பெண்ணை இப்படி அள்ளிப் போடாததால், பின்தங்கினார்கள். 2018-இல் அதைக் கைவிட்டு, அரசாணை 149 மூலம் தகுதித் தேர்வுக்குப் பிறகு இன்னொரு போட்டித் தேர்வு என்றார்கள். இடைநிலை ஆசிரியர்களுக்கான, அதாவது ஒன்று முதல் ஐந்து வகுப்பு எடுப்பவர்களுக்கான அந்தப் போட்டித் தேர்வு நடந்தது 2024 ஜூலையில். நடுவில் பத்து ஆண்டுகள் போனது. தேர்ச்சிச் சான்றிதழை வைத்துக்கொண்டு தனியார் பள்ளியிலும் ஜவுளிக்கடையிலும் வேலை பார்த்து நாற்பதைத் தாண்டியவர்களை எனக்கே தெரியும். இருபத்திரண்டு வயதில் பயிற்சி முடித்த ஒருவரை முப்பத்தைந்து வயதில் வகுப்பறைக்குள் அனுப்பினால், கற்றதில் எது மிஞ்சியிருக்கும்?

இதற்கு மேல் 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் உள்ள, ஏற்கனவே பணியில் இருக்கும் ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. சட்டப்படி அந்தத் தீர்ப்புக்கு அடிப்படை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வகுப்பறைப்படி என்ன நடக்கும்? இருபது ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியர் மாலையில் கோச்சிங் சென்டருக்குப் போவார், பகலில் பிள்ளைகளுக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு மேசைக்கடியில் கைடு படிப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

பயிற்சி நிறுவனங்கள் என்றேனே, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். நீதிபதி ஜே.எஸ்.வர்மா தலைமையில் உச்ச நீதிமன்றம் அமைத்த ஆணையம் 2012-இல் ஆசிரியர் கல்வி பற்றி அறிக்கை கொடுத்தது. அதை மேற்கோள் காட்டித்தான் 2020 தேசியக் கல்விக் கொள்கை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தனித்து இயங்கும் ஆசிரியர் கல்வி நிறுவனங்களில் பெரும்பாலானவை பட்டத்தை விலைக்கு விற்கின்றன என்று எழுதியது. அந்தக் கொள்கையின் மும்மொழியும் மற்றதும் எனக்கு ஒப்புதல் இல்லாதவை, இந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் கையெழுத்துப் போடுவேன். பி.எட். சேர்ந்து கல்லூரிப் பக்கமே போகாமல் தேர்வு மட்டும் எழுதி வந்தவர்களை நீங்களும் உங்கள் தெருவில் பார்த்திருப்பீர்கள். ரெக்கார்டு நோட்டு கடையில் எழுதிக் கிடைக்கும். கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளிக்கு வருகிற மாணவ ஆசிரியரை, விடுப்பில் போன ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி உட்கார வைப்பார்கள், தேர்வு நாளில் தெர்மாகோலில் எரிமலை செய்து கொண்டுவந்து மாதிரி வகுப்பு நடத்துவார். எரிமலை பிரமாதமாக இருக்கும்.

2015-இலிருந்து பி.எட். இரண்டு ஆண்டானது. ஓர் ஆண்டில் ஏமாற்றியதை இரண்டு ஆண்டில் ஏமாற்றினார்கள், கட்டணம்தான் இரட்டிப்பானது. இப்போது நான்கு ஆண்டு ஒருங்கிணைந்த படிப்பு என்கிறார்கள். எத்தனை ஆண்டு என்பதில் விஷயம் இல்லை, அந்த ஆண்டுகளில் எத்தனை நாள் உண்மையான பிள்ளைகளோடு, பக்கத்தில் உட்கார்ந்து திருத்துகிற ஓர் அனுபவசாலியோடு கழிகிறது என்பதில்தான் இருக்கிறது. ஃபின்லாந்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், 1979 முதல் அங்கே தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கும் முதுகலை கட்டாயம் என்பார்கள். அந்த முதுகலை நடக்கிற பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தே ஒரு பயிற்சிப் பள்ளி இருக்கிறது, அங்குள்ள ஆசிரியர்களுக்கு மாணவ ஆசிரியரை உருவாக்குவதும் வேலையின் ஒரு பகுதி என்பதை விட்டுவிடுவார்கள்.

நம்மிடமும் இதற்கு ஓர் அமைப்பு உண்டு. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம், டயட் என்று சொல்லுவோம். 1986 தேசியக் கல்விக் கொள்கையிலிருந்து பிறந்தது. மாவட்டத்துக்கு ஒன்று, அந்த மாவட்டத்தின் பேச்சுமொழி, பிள்ளைகள், பள்ளிகள் எல்லாம் தெரிந்து ஆசிரியர்களை உருவாக்கும் இடம் என்பது கனவு. நல்ல கனவுதான். நடைமுறையில் பல டயட்டுகளில் விரிவுரையாளர் இடங்கள் காலியாகக் கிடக்கும், இருப்பவர்களுக்குச் சென்னையிலிருந்து வரும் கையேட்டை வட்டாரத்துக்கு இறக்குவதே வேலை. பயிற்சி கொடுப்பவரைக் கருத்தாளர் என்போம்; மாநிலக் கருத்தாளருக்கு ஐந்து நாள் பயிற்சி, அவர் மாவட்டக் கருத்தாளருக்கு மூன்று நாள், அவர் எங்களுக்கு இரண்டு நாள், நாங்கள் குறுவள மையத்தில் ஆசிரியர்களுக்கு ஒரு சனிக்கிழமை. சென்னையில் கெட்டித் தயிராகக் கிளம்புவது பள்ளிக்கு வந்து சேரும்போது நீர்மோர், அதுவும் கருவேப்பிலை இல்லாமல்.

இன்னொரு பெரிய ஓட்டை, ஆசிரியரைத் தயார் செய்கிற பள்ளி ஒன்று, அவர் போய்ச் சேருகிற பள்ளி வேறு. கல்வி உரிமைச் சட்ட அட்டவணைப்படி தொடக்கப்பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர். கேட்க முப்பதுக்கு ஒருவர் என்று அழகாக இருக்கும். வகுப்போ ஐந்து. அதாவது ஒருவர் ஒரே அறையில் ஒன்று, இரண்டு, மூன்றை வைத்துக்கொள்வார், தலைமையாசிரியர் நான்கையும் ஐந்தையும் பார்த்துக்கொண்டே சத்துணவுக் கணக்கு, எமிஸ் என்ற கல்வி மேலாண்மைத் தகவல் இணையதளத்தில் பதிவேற்றம், வட்டாரக் கல்வி அலுவலகக் கூட்டம் எல்லாம் பார்ப்பார். அவர் கூட்டத்துக்குப் போன அன்று ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். தமிழ்நாட்டுக் கிராமங்களில் இப்படிப்பட்ட பள்ளிகள் ஏராளம். ஆனால் பயிற்சி நிறுவனத்தில் சொல்லித்தருகிற பாடக்குறிப்பு எல்லாம் நாற்பது பிள்ளை, ஒரே வகுப்பு, ஒரே பாடம், நாற்பத்தைந்து நிமிடம். நீச்சலைக் கிணற்றில் கற்றுக்கொடுத்துவிட்டு ஆற்று வெள்ளத்தில் இறக்குகிற கதை.

இதற்கு நம்மிடம் ஒரு விடை இருந்தது. செயல்வழிக் கற்றல், ஏ.பி.எல். ஆந்திராவின் ரிஷிவேலியில் சிறு கிராமப் பள்ளிகளுக்காகவே உருவான முறையிலிருந்து எடுத்து, 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் அப்போதைய ஆணையர் எம்.பி.விஜயகுமார் தொடங்கி, 2007-08-இல் மாநிலம் முழுக்கப் போனது. பிள்ளை தன் வேகத்தில் அட்டை அட்டையாக ஏணியில் ஏறும், வகுப்பு என்ற சுவரே கிடையாது. எனக்கு அந்த முறையில் இன்றும் மதிப்பு உண்டு. ஆனால் அது விழுந்ததற்கு எங்களுக்கும் பங்கு உண்டு. சில நாள் பயிற்சியோடு எல்லாப் பள்ளியிலும் ஒரே நேரத்தில் இறக்கினோம், மேற்பார்வைக்குப் போனவர்கள் பிள்ளை எங்கே சிக்கியிருக்கிறது என்று பார்க்காமல் கம்பிப்பந்தல் கட்டியிருக்கிறதா, அட்டை தொங்குகிறதா, சுவரில் கீழ்மட்டக் கரும்பலகை இருக்கிறதா என்று எண்ணினார்கள். ஆசிரியர்களும் எண்ணிக்கைக்கு ஏற்ப நடந்துகொண்டார்கள். அட்டை கிழிந்ததும் புது அட்டை வரவில்லை. பெற்றோருக்குப் பிள்ளை கையில் புத்தகம் இல்லை என்ற குறை. அப்புறம் முப்பருவ முறை வந்தது, அப்புறம் வேறொன்று.

2022-இல் எண்ணும் எழுத்தும் என்ற திட்டம் வந்தது. பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் வீடு வீடாகப் போய்ச் சோதிக்கிற ஏசர் ஆய்வில் அந்த ஆண்டு தமிழ்நாட்டு ஊரகத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 4.8 சதவீதம். 2018-இலேயே அது 10.2 தான், கொரோனா அதையும் பாதியாக்கியது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துப் பிரித்துக் கற்பிப்பது நல்ல அடிப்படை. பாடல், கதைக்களம் எல்லாம் நன்றாகவே செய்திருக்கிறார்கள். என் பயம் பழைய பயம்தான்: செயலியில் மதிப்பீடு பதிவேற்ற வேண்டும் என்றதும் அரும்புப் பிள்ளை காகிதத்தில் மொட்டாகிவிடுகிறது. ஒரு பிள்ளை அரும்பிலேயே நிற்கிறது என்று ஓர் ஆசிரியர் தைரியமாகப் பதிந்தால், அவருக்கு உதவி வர வேண்டும். விளக்கம் கேட்டு ஓலை வந்தால் அடுத்த முறை எல்லாப் பிள்ளையும் மலர்ந்துவிடும்.

ஆசிரியரைத் திட்டுபவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இல்லம் தேடிக் கல்வி என்ற மாலை வகுப்புத் திட்டம். 2021 அக்டோபரில் மரக்காணம் பக்கம் தொடங்கியது. பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பெண்கள், மாதம் ஆயிரம் ரூபாய், மாலையில் ஒன்று ஒன்றரை மணி நேரம், இருபது பிள்ளைகள் போல. கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ என்ற பொருளாதார ஆய்வாளர்கள் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்துப் பார்த்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்தில் கொரோனா இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது, அந்த மீட்சியில் கால்வாசிக்குக் கிட்டத்தட்ட இந்த மாலை வகுப்புகள் காரணம் என்று வந்தது. பி.எட். இல்லை, டெட் இல்லை. சிறு குழு, பிள்ளைக்கு எட்டிய பாடம், தினமும் நிச்சயமாக வருகிற ஓர் ஆள், அவ்வளவுதான். இதைச் சொன்னால் "அப்படியானால் ஆசிரியரே வேண்டாம், ஆயிரம் ரூபாய்க்கு ஆள் போடலாமே" என்று யாராவது கிளம்புவார்கள். மாலையில் எழுத்து சொல்லித்தருவது வேறு, ஐந்து ஆண்டு பிள்ளையை வளர்த்து அனுப்புவது வேறு. பயிற்சி பெற்ற ஆசிரியர் பகல் முழுக்க இருந்தும் ஏன் அந்த ஒரு மணி நேரம் இவ்வளவு கனமாக இருந்தது என்பதுதான் நாம் கேட்க வேண்டியது. பகலில் அவருக்கு அந்தச் சிறு குழுவும் நேரமும் கிடைப்பதில்லை.

அங்கன்வாடியிலும் இதே மாதிரி ஒரு சோதனை தமிழ்நாட்டில் நடந்தது. அரை நாள் வேலைக்குக் கூடுதலாக ஓர் ஆள் போட்டுப் பார்த்தார்கள், முன்பருவக் கல்விக்குக் கிடைத்த நேரம் இரட்டிப்பானது, பிள்ளைகளின் கணக்கும் மொழியும் கண்ணுக்குத் தெரிகிற அளவு ஏறியது. அதே சமயம் 2019-இல் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியபோது, உபரி என்று கணக்கிட்ட இடைநிலை ஆசிரியர்களைப் பணி நிரவல் என்ற இடமாற்றத்தில் அங்கே அனுப்பினோம். மூன்று வயதுக் குழந்தையோடு என்ன செய்வது என்று அவர்களுக்கு யாரும் எப்போதும் சொல்லித்தந்ததில்லை, பதவி இறக்கம் போல உணர்ந்தார்கள். ஆள் தேவை என்பது உண்மை, ஆனால் ஆசிரியர் என்றால் எங்கே வைத்தாலும் பொருந்துகிற செங்கல் என்று நினைத்தது தப்பு.

சம்பளத்தை ஏற்றினால் போதும் என்று சொல்பவர்களுக்கு இந்தோனேசியா. 2005-இல் அங்கே ஒரு சட்டம், சான்றிதழ் பெற்ற ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் அளவுக்கு இன்னொரு மடங்கு. முறையாகச் சோதித்துப் பார்த்ததில் ஆசிரியர்களின் மனநிறைவு கூடியது, இரண்டாம் வேலை குறைந்தது, பிள்ளைகளின் கற்றல் இம்மியும் நகரவில்லை. அதற்காகச் சம்பளம் முக்கியமில்லை என்று ஆகிவிடாது. இங்கே 2009 ஜூன் 1-க்கு முன் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370, அந்தத் தேதியிலோ பிறகோ சேர்ந்தவருக்கு 5,200 என்று வைத்தார்கள். ஒரே பள்ளி, ஒரே வேலை, ஒரே பயிற்சி, ஒரு நாள் வித்தியாசம். அந்தக் கசப்போடு உட்கார்ந்திருப்பவரிடம் "புதிய கற்பித்தல் உத்திகள்" பற்றிப் பேசப் போகும் பயிற்றுநருக்குத்தான் தெரியும் அந்த அறையின் வெப்பம். 2022-இல் தற்காலிக இடைநிலை ஆசிரியர்களுக்கு மாதம் 7,500 என்று அறிவித்துவிட்டு எதிர்ப்பு வந்ததும் 12,000 ஆக்கினார்கள். கொத்தனாருக்கு அதைவிட அதிகம்.

என்ன செய்யலாம் என்று கேட்டால், என் கையில் அதிகாரம் இருந்தால் முதலில் தொடுவது முதல் இரண்டு ஆண்டுகளை. அரசுப் பணியில் தகுதிகாண் பருவம் என்று ஒன்று ஏற்கனவே இருக்கிறது. இப்போது அதில் என்ன பார்க்கிறோம்? கல்விச் சான்றிதழ்களின் உண்மைத்தன்மை வந்ததா, விடுப்பு அதிகமா, பணிப்பதிவேட்டில் பதிவு சரியா. கற்பித்தலை ஒருவரும் பார்ப்பதில்லை. அந்த இரண்டு ஆண்டும் வாரத்தில் ஒரு நாள், அதே ஒன்றியத்தில் கைதேர்ந்த ஒரு மூத்த ஆசிரியர் புதியவரின் வகுப்பில் உட்கார வேண்டும். குறிப்பேடும் மதிப்பெண்ணும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தப் பையன் 35 எழுதினானே, ஏன் என்று கேட்டுப் பார்த்தாயா?" என்று கேட்டால் போதும். டெல்லியில் 2016-இல் பணியிலிருந்த ஆசிரியர்களில் சுமார் 200 பேரை வழிகாட்டி ஆசிரியர்களாக எடுத்து மற்றப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள், அப்படி ஒன்று. நம்மிடம் அதற்கு ஆசிரியர் பயிற்றுநர் என்ற பதவியே இருக்கிறது, அவர்களைப் புள்ளிவிவரம் சேகரிப்பதிலிருந்து விடுவித்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது டயட். காலியிடத்தை நிரப்புவது ஒருபுறம். அதைவிட எனக்கு முக்கியம், விரிவுரையாளர் ஒவ்வொருவரும் வாரம் இரண்டு நாள் பக்கத்து ஈராசிரியர் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க வேண்டும். பத்து ஆண்டு வகுப்பறை வாசமே இல்லாதவர் மாணவ ஆசிரியருக்கு எதைச் சொல்லித்தருவார்? மாணவ ஆசிரியரின் பயிற்சிக் காலமும் அந்த மாதிரிப் பள்ளியில்தான் நடக்க வேண்டும், நகரத்து மேல்நிலைப் பள்ளியில் வேண்டாம். தகுதித் தேர்வு இருக்கட்டும், ஆண்டுதோறும் அதே மாதத்தில் நடக்கட்டும், நியமனமும் ஓய்வு பெறுவோர் பட்டியலை வைத்து முன்கூட்டியே நடக்கட்டும். யார் எந்த ஆண்டு ஓய்வு பெறுவார் என்பது அவர் சேர்ந்த நாளிலேயே தெரியும், அதற்கு ஜோசியர் தேவையில்லை.

பணம் எங்கே என்பீர்கள். உண்மையான கேள்வி. 2024-25-இல் மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீ-க்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தியது, அந்தத் திட்டத்தில் சம்பளம் வாங்குபவர்களுக்கே தாமதமானது. பயிற்சிக்கு என்ன கதி என்று சொல்லத் தேவையில்லை. 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானபோது செய்தியெல்லாம் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தானதைப் பற்றி. வீட்டில் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு அது முக்கியம்தான், ஆனால் வாசிக்கத் தெரியாமல் ஆறாம் வகுப்புக்குப் போன பிள்ளைக்குப் பதினொன்றாம் வகுப்புத் தேர்வு இருந்தால் என்ன, போனால் என்ன.

காலை உணவு, உயர்கல்வியில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு, புதுமைப் பெண் உதவித்தொகை இவற்றையெல்லாம் சலுகை அரசியல் என்று கேலி செய்யும் நண்பர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. பசியோடு வந்த பிள்ளை பத்து மணிக்குத் தூங்கி விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன், இப்போது அது குறைந்திருக்கிறது. அவை பிள்ளையை வகுப்பறைக்குள் கொண்டுவந்து உட்கார வைக்கின்றன. உட்கார்ந்த பிறகு நடப்பதைப் பற்றித்தான் இவ்வளவு நேரம் பேசினேன்.

உங்கள் பிள்ளை அரசுப் பள்ளியில் படிப்பதாக எழுதியிருந்தீர்கள், அதனால் ஒன்று சொல்கிறேன். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள், பெரும்பாலும் கழிப்பறையும் சுற்றுச்சுவரும் பேசுவார்கள், அதுவும் வேண்டியதுதான். முடிகிற நேரத்தில் எழுந்து இரண்டு கேள்வி கேளுங்கள்: போன மாதம் டீச்சர் எத்தனை வேலை நாள் கூட்டம், பயிற்சி, தேர்தல் பணி என்று வகுப்பை விட்டு வெளியே இருந்தார், அந்த நாட்களில் இந்தப் பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார்? டீச்சரைக் கேட்காதீர்கள், அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வட்டாரக் கல்வி அலுவலகத்தைக் கேளுங்கள், தீர்மான நோட்டில் எழுதச் சொல்லுங்கள். முதல் தடவை சிரித்து மழுப்புவார்கள். மூன்றாவது கூட்டத்தில் தேதிவாரியாகப் பட்டியல் வரும்.